ராமாபிதிகஸ் நம்ம பாட்டனா, பங்காளியா? நீட் படிக்கிற பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது?

குடியாத்தம்_தறி | திங்கள், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் முதல் தடவையா இழை தொடங்குறேன். இடம் தப்புன்னா மட்டுறுத்துநர் மாத்திடுங்க.

பொண்ணு பன்னிரண்டாவது முடிச்சிட்டு நீட்டுக்கு வேலூர்ல படிக்கிறா. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல புத்தகத்தை நான் வச்சிக்கிட்டுக் கேள்வி கேட்கணும், அவ தோசையை விண்டுக்கிட்டே பதில் சொல்லுவா. இதுதான் ஒப்பந்தம். நேத்து பரிணாமப் பாடம். ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்ததுல மனுஷச் சாயல் அதிகம் உள்ளது எதுன்னு கேட்டேன். "புத்தகப்படி ராமாபிதிகஸ். ஆனா அது தப்புப்பா"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. நான் 1991ல பிளஸ் டூ. எங்க வாத்தியார் கரும்பலகையில குனிஞ்சவன்ல ஆரம்பிச்சு நிமிர்ந்தவன் வரைக்கும் வரிசையா படம் போடுவார். அந்த வரிசையில முதல் ஆளே ராமாபிதிகஸ்தான். நம்ம நாட்டுல கிடைச்சது, ராமர் பேரை வச்சிருக்காங்கன்னு சொல்றப்ப அவர் குரலே மாறிடும். முப்பது வருஷம் கழிச்சு என் பொண்ணு அதை ஒராங்குட்டானுக்குச் சொந்தம்னு சொல்றா. எங்கயோ வீடியோவுல பார்த்தாளாம்.

யார் சொல்றது சரி? இன்னொண்ணு, புத்தகத்துல எத்தியோப்பியா, தான்சானியான்னே போட்டிருக்கு. நம்ம பக்கம் ஒரு எலும்புகூடவா கிடைக்கலை? பாலாறு என்ன குறைஞ்சு போச்சு?

சத்துவாச்சாரி_ரவி | திங்கள், இரவு 10.58

அண்ணே, மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்கோ. குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா, போன மாசம் வள்ளிமலைல என் பையன் கைல இருந்த தேங்கா மூடிய புடுங்கிகினு போச்சே ஒண்ணு, அது மட்டும் ஏன் இன்னும் குரங்காவே கீது?

பாப்பாவ புக்குல இருக்கிறத எழுதச் சொல்லுங்கோ. மார்க்கு வந்தா போதும்.

காட்பாடி_பல்வைத்தியர் | செவ்வாய், காலை 7.15

தறி அண்ணா, உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. இன்னைக்கு காலையில வர வேண்டிய பேஷன்ட் வரலை, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல ரவிக்கு. நானும் என் பெரியப்பா பையனும் ஒரே தாத்தாவோட பேரன்கள். அவன் ஊர்ல கடலை போடறான், நான் இங்க பல் புடுங்கறேன். "நீ டாக்டர் ஆயிட்டியே, அவன் ஏன் இன்னும் கடலை போடறான்"னு கேட்டா என்ன சொல்றது? நான் அவனுக்குப் பிறக்கலைங்க. வள்ளிமலைக் குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, ரொம்ப தூரத்துப் பங்காளி. சிம்பன்சி கிட்டத்துப் பங்காளி. பொதுப் பாட்டன் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டான்.

இப்ப ராமாபிதிகஸ். 1932ல யேல் பல்கலைக்கழகத்துல இருந்து வந்த ஜி. எட்வர்ட் லூயிஸ், சிவாலிக் குன்றுகள்ல, இன்னைக்கு இமாச்சலத்துல இருக்கிற ஹரிதல்யாங்கர்ங்கிற ஊர்கிட்ட ஒரு மேல்தாடைத் துண்டை எடுத்தார். வலது பக்கம் மட்டும். அதுல சில பல்லு. 1934ல அதுக்கு ராமாபிதிகஸ்னு பேர் வச்சார். கடைவாய்ப்பல் எனாமல் தடிமன், முகம் முன்னால அவ்வளவா துருத்தலை, கோரைப்பல் சின்னதா இருந்திருக்கும் போலன்னு அந்தப் பல் இருந்த குழியை வச்சுக் கணக்கு. மனுஷச் சாயல்னு சொன்னது இதையெல்லாம் வச்சுத்தான்.

எல்லாரும் ஒரு நிமிஷம் நாக்கால உங்க மேல் பல்வரிசையை உள்பக்கமா தடவிப் பாருங்க. மாட்டு லாடம் இல்லை, குதிரை லாடம் மாதிரி, பின்னால போகப் போக விரியும். கொரில்லாவுக்கு அப்படி இல்லை. ரெண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி கிட்டத்தட்ட இணையா ஓடும். ராமாபிதிகஸுக்கு எப்படி? கையில இருக்கிறது வலது பாதி. இடது பாதியைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி வரைஞ்சுக்கலாம், தப்பில்லை. ஆனா ரெண்டையும் எந்தக் கோணத்துல சேர்க்கிறது? அதைச் சொல்ல வேண்டிய நடுக்கோடு உடைஞ்சு போச்சு. சேர்க்கிறவர் மனசுல என்ன இருக்கோ அந்தக் கோணம்தான் வரும். 1960கள்ல எல்வின் சைமன்ஸ் சேர்த்துப் பார்த்தப்ப அழகா நம்ம வளைவு வந்துச்சு.

இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரலை, வயித்தைக் கலக்குச்சு. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு பெரியவர் பல்செட்டு ரெண்டா உடைஞ்சு எடுத்துட்டு வந்தார். நடுவுல ஒரு சில்லு காணாம போயிருந்தது. கண்ணால பார்த்து "இப்படித்தான் இருந்திருக்கும்"னு ஒட்டிக் கொடுத்தேன். பார்க்க அசல் மாதிரியே இருந்தது. மறுநாள் காலையில கடை திறக்கும் முன்னாடியே வந்து நின்னார், வாயில செட்டு இல்லை, கையில இருந்தது. அவர் சொன்னதை இங்க எழுத முடியாது. சில்லு அரிசி அகலம்கூட இல்லைங்க, ஆனா கோணம் மாறினா பின்பல்லு ரெண்டும் வாய்க்குள்ள வேற ஊருக்குப் போயிடும்.

ராமாபிதிகஸுக்கும் அதேதான். 1973ல ஆலன் வாக்கரும் பீட்டர் ஆண்ட்ரூஸும், அதே வகைன்னு அப்ப நம்பப்பட்ட கென்யாத் தாடைத் துண்டுகளைக் கவனமா பொருத்திப் பார்த்தாங்க. வளைவு இல்லை. உண்டிக்கோல் கவட்டை மாதிரி வந்தது.

பேஷன்ட் வந்துட்டார். மீதி மதியம்.

சத்துவாச்சாரி_ரவி | செவ்வாய், காலை 7.31

டாக்டரே, நாக்கால தடவிப் பாத்தேன். சொத்தை ஒண்ணு தட்டுப்படுது. எப்ப வரட்டும்?

காட்பாடி_பல்வைத்தியர் | செவ்வாய், மதியம் 2.20

சனிக்கிழமை வாங்க ரவி, காலி வயித்துல வர வேண்டியதில்லை.

விட்ட இடம். இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது எலும்பு இல்லை, ரத்தம். 1967ல கலிபோர்னியாவுல வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன்னு ரெண்டு பேர் மனுஷன், சிம்பன்சி, கொரில்லா, மத்த குரங்குகளோட ரத்தத்துல இருக்கிற ஆல்புமின் புரதத்தை ஒப்பிட்டாங்க. எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு காலம் பிரிஞ்சிருக்கும்ங்கிறது அடிப்படை. மனுஷனும் சிம்பன்சியும் பிரிஞ்சு சுமார் 50 லட்சம் வருஷம்தான் ஆகுதுன்னு வந்துச்சு. ராமாபிதிகஸுக்கு அப்ப சொன்ன வயசு 1 கோடியே 40 லட்சம். அதாவது குடும்பம் பாகம் பிரியறதுக்கு 90 லட்சம் வருஷம் முன்னாடியே ஒருத்தன் தனிப் பட்டாவோட நிக்கிறான்! எலும்புக்காரங்க ஒத்துக்கவே இல்லை. டெஸ்ட் டியூப்ல என்ன தெரியும்னு கேட்டாங்க.

பத்து பதினஞ்சு வருஷம் இப்படியே போச்சு. அப்புறம் பாகிஸ்தான்ல போட்வார் மேட்டுநிலத்துல டேவிட் பில்பீம் குழுவுக்கு சிவாபிதிகஸ்ங்கிற இன்னொரு பழைய வாலில்லாக் குரங்கோட முகம் கிடைச்சது. பல்லு மட்டும் இல்லை, முகம். கண்குழி உயரமா முட்டை வடிவத்துல, ரெண்டும் கிட்ட கிட்ட. மூக்குப் பக்கம் உள்வாங்கின முகம். 1982ல வெளியிட்டாங்க. ஒராங்குட்டானைப் பார்த்தவங்க யாரும் வேற பேர் சொல்ல மாட்டாங்க. ராமாபிதிகஸ் அதே சாதிதான், பெரும்பாலும் சின்ன உருவம், ஒருவேளை பொண்ணு.

இந்த பில்பீம் யாரு தெரியுமா? சைமன்ஸோட சேர்ந்து ராமாபிதிகஸ் மனுஷ மூதாதைன்னு பல வருஷம் எழுதினவரே அவர்தான். தானே தோண்டி, தானே எடுத்து, தான் எழுதினதைத் தானே மாத்திக்கிட்டார். நம்ம வாத்தியாருக்கு அந்தச் சேதி 1991 வரைக்கும் வந்து சேரலை, பாவம். புத்தகத்துக்கு இன்னைக்கு வரைக்கும் சரியா வந்து சேரலை.

ஆரணிப்பட்டு | செவ்வாய், மாலை 5.02

அப்ப ராமர் பேரு வச்சதே தப்பா? இல்ல பேரை எடுத்ததுல ஏதாவது உள்நோக்கமா?

மட்டுறுத்துநர் | செவ்வாய், மாலை 6.15

இதுக்குக் கீழ வந்த மூணு பதிவுகளை எடுத்துட்டேன். ரெண்டு பேருக்கும் தனிமடல் போட்டிருக்கேன். சண்டைக்கு வேற இடம் இருக்கு.

பாறையடி | செவ்வாய், இரவு 8.47

ஓய்வுபெற்ற ஆள், போர்வெல் பாயின்ட் பார்க்கிறது தொழில். ஆரணிக்காரருக்கு: உள்நோக்கம் எதுவும் இல்லை. சிவாலிக்ல தோண்டின வெள்ளைக்காரங்க கையில அகப்பட்ட சாமி பேரெல்லாம் வச்சாங்க. சிவாபிதிகஸ் 1910ல பில்கிரிம் வச்சது. லூயிஸ் ராமாபிதிகஸோட நிறுத்தலை, பிராமபிதிகஸ், சுக்ரீவபிதிகஸ்னும் வச்சார். பின்னால பார்த்தா பாதிக்கு மேல ஒரே விலங்கோட வேற வேற துண்டு. விலங்கியல்ல ஒரு சட்டம் உண்டு, ஒண்ணுக்கு ரெண்டு பேர் இருந்தா முதல்ல வச்ச பேர்தான் நிக்கும். அதனால ராமனும் சுக்ரீவனும் சிவனுக்குள்ள போயிட்டாங்க. சைவ வைணவச் சண்டையெல்லாம் இல்லை சாமி, சீனியாரிட்டி.

இனி தறி அண்ணனோட ரெண்டாவது கேள்வி. நம்ம பக்கம் ஏன் எலும்பு இல்லை?

குடியாத்தத்துல போர் போட்டா என்ன வரும்? கொஞ்சம் மேல்மண்ணு, அப்பால மொரம்பு, அப்பால பாறை. அந்தப் பாறை நைஸும் சார்னோகைட்டும். வயசு ஏறக்குறைய 250 கோடி வருஷம். அது உருவானப்ப எலும்புள்ள ஒரு உயிரும் பூமியில கிடையாது. பாறைக்குள்ள தேடிப் பிரயோஜனம் இல்லை. மேல இருக்கிற மண்ணுலதான் ஏதாவது இருக்கணும்.

எலும்பு கல்லா மாறணும்னா செத்த உடனே மூடணும். சேறோ, மணலோ, சாம்பலோ. கிழக்கு ஆப்பிரிக்காவுல பூமி பிளந்து, பள்ளம் இறங்கி, ஏரி வந்து, பக்கத்துல எரிமலை சாம்பல் கொட்டிக்கிட்டே இருந்தது. அந்தச் சாம்பல் மூடவும் மூடும், அதுல இருக்கிற பொட்டாசியம் மெல்ல ஆர்கான் வாயுவா மாறுறதை வச்சு வயசும் சொல்லிடும். எத்தியோப்பியா ஹடார்ல 1974 நவம்பர் 24ம் தேதி டொனால்ட் ஜோஹான்சன் எடுத்த லூசிங்கிற மூதாதைப் பொண்ணோட எலும்புக்கூடு அப்படித்தான் கிடைச்சது. 32 லட்சம் வருஷம், உடம்பு எலும்புல 40 சதவீதம். அந்த ஊர் அம்ஹாரிக் மொழியில அவளுக்கு டிங்கினேஷ்னு பேர், நீ அற்புதமானவள்னு அர்த்தம். எனக்கு அந்தப் பேர்தான் பிடிக்கும். தான்சானியா லேட்டோலியில இன்னும் விசேஷம். சாம்பல் விழுந்து, மேல தூறல் போட்டு, அது மேல ரெண்டு கால்ல நடந்து போயிருக்காங்க. வீட்டு முன்னாடி ஈர சிமெண்ட்ல பசங்க கால் வச்சிட்டுப் போனா எப்படி இருக்கும், அப்படி. 36 லட்சம் வருஷமா அந்தக் குதிகால் குழி அப்படியே இருக்கு. மேரி லீக்கி குழு 1978ல திறந்தது.

நம்ம ஊர்ல? எரிமலை இல்லை. சுண்ணாம்புக் குகையும் இந்தப் பக்கம் இல்லை. செம்மண்ணு, புளிப்புள்ள மொரம்பு, வெயில், ஐப்பசி மழை, கரையான். போன தலைமுறையில புதைச்ச மாட்டோட எலும்பே தோண்டினா பொடியா வருது, பாத்திருக்கேன். லட்சக்கணக்கான வருஷத்து எலும்பு எங்க நிக்கும்?

பாலாத்து_மணல் | செவ்வாய், இரவு 9.30

ஐயா, எங்க மாமா பாலாத்துல ஊத்து தோண்டறப்ப ஒரு பல்லு எடுத்தார். கறுப்பா, கல்லு மாதிரி கனம். ஆதிமனுஷன் பல்லா இருக்குமா? டாக்டர் சாருக்குப் படம் தனிமடல்ல அனுப்பியிருக்கேன்.

காட்பாடி_பல்வைத்தியர் | செவ்வாய், இரவு 9.52

படம் பார்த்தேன். மெல்லுற பரப்புல பிறைநிலா மாதிரி மடிப்பு ரெண்டு ரெண்டா தெரியுது பாருங்க. அசை போடுற மிருகம். மாடு இல்லைன்னா எருமை. ஆத்து மண்ணுல கிடந்தா நூறு வருஷத்துலயே கறுத்துப் போகும், நிறத்தை வச்சு வயசு சொல்ல முடியாது. ஆனா மாமா தூக்கிப் போடாம வச்சிருந்தாரே, அதுக்கு ஒரு கும்பிடு.

இப்படிக் கண்ணுல பட்டதைத் தூக்கிப் போடாதவங்களாலதான் இந்தத் துறையே ஓடுது. 1935ல ரால்ஃப் ஃபான் கோனிக்ஸ்வால்டுன்னு ஒருத்தர் ஹாங்காங்ல ஒரு மருந்துக்கடைக்குப் போனார். நம்ம லாங் பஜார் நாட்டு மருந்துக்கடையில சுக்கும் கடுக்காயும் டப்பாவுல இருக்கிற மாதிரி அங்க "டிராகன் பல்லு" விப்பாங்க, இடிச்சுப் பொடி பண்ணி சாப்பிட. அந்தக் குவியல்ல கையை விட்டுத் துழாவி ஒரு பெரிய கடைவாய்ப்பல்லை எடுத்தார். ஜைகாண்டோபிதிகஸ், இதுவரைக்கும் தெரிஞ்ச குரங்கினத்துலயே பெருசு. மாமாகிட்ட சொல்லுங்க.

லத்தேரி_லதா | செவ்வாய், இரவு 10.05

குடியம் குகைல ஆதிமனுஷன் இருந்தான்னு படிச்சேன். அது குடியாத்தம் பக்கம்தானே? தறி அண்ணா வீட்டுக்கிட்டயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் கேக்கறாரே 😄

வாலாஜா_கற்கோடரி | செவ்வாய், இரவு 10.31

இல்லைங்க, வருஷத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேட்பாங்க. குடியம் வேற, குடியாத்தம் வேற. குடியம் திருவள்ளூர் மாவட்டம், பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள்ள நடந்து போகணும். ஆனா நீங்க தெரியாம சரியான கதவைத் தட்டிட்டீங்க.

எலும்பு இல்லைன்னு பாறையடி ஐயா சொன்னது சரி. அதனால ஆள் இல்லைன்னு ஆகாது. 1863 மே 30ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட்டுங்கிற நிலவியலாளர் பல்லாவரத்துல ஒரு பள்ளத்துல இருந்து ஆதிமனுஷன் கல்லுல செஞ்ச கைக்கோடரி ஒண்ணை எடுத்தார். அதே வருஷம் செப்டம்பர்ல அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துல குவியலாவே பார்த்தாங்க. குடியத்துக்குப் பக்கத்து ஊர்தான் அது. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்க பல வருஷம் தோண்டினாங்க. 2011ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த முடிவு: அடியில இருந்த கைக்கோடரிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் வருஷம்.

எலும்பு இல்லாம எப்படிச் சொன்னாங்க? விண்வெளியில இருந்து வர்ற கதிர் படிகக்கல்லுல பட்டா பெரிலியம் 10, அலுமினியம் 26னு ரெண்டு பொருள் உண்டாகும். கல்லு மண்ணுக்குள்ள ஆழமா புதைஞ்சதும் கதிர் படறது நின்னுடும். அலுமினியம் சீக்கிரம் அழியும், பெரிலியம் மெதுவா அழியும். ரெண்டும் எந்த விகிதத்துல மிச்சம் இருக்குன்னு பார்த்தா கல்லு எப்ப புதைஞ்சதுன்னு வந்துடும். ஒரே நேரத்துல ஏத்தின ரெண்டு ஊதுவத்தி, ஒண்ணு தடிமன் ஒண்ணு மெலிசு, மிச்சத்தைப் பார்த்து நேரம் சொல்ற மாதிரி.

15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம மாதிரி ஆளே உலகத்துல கிடையாது. நம்ம இனத்துல ரொம்பப் பழசுன்னு இப்ப சொல்றது மொராக்கோ ஜெபல் இர்ஹூத், 3 லட்சம்தான். அப்ப அத்திரம்பாக்கத்துல அந்தக் கல்லைத் தட்டினது யார் கை? ஹோமோ எரெக்டஸ்ங்கிற நமக்கு முந்தின மனுஷ இனமா இருக்கலாம்னு நினைக்கிறாங்க, ஆப்பிரிக்காவுல இதே மாதிரிக் கோடரி செஞ்சது அவங்கதான்னு. இங்க அந்தக் கைக்கு ஒரு விரல் எலும்புகூட கிடைக்கலை. அத்திரம்பாக்கக் களிமண்ணுல தப்பிச்சது சில மிருகப் பல்லு மட்டும்.

பாலாறு என்ன குறைஞ்சு போச்சுன்னு கேட்டீங்களே தறி அண்ணா. எங்க வாலாஜா அணைக்கட்டுல பிரியற பாலாத்துத் தண்ணிதான் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகுது. அந்த ஏரி கலங்கல் போனா கொசஸ்தலை, கொசஸ்தலை போனா பூண்டி. கொசஸ்தலைக்கே விருத்த க்ஷீர நதின்னு ஒரு பேர் உண்டு, பழைய பாலாறு. பாலாறு ஒரு காலத்துல அந்த வழியா ஓடியிருக்கும்னு நிலவியல்காரங்க சொல்றதும் உண்டு. இப்ப சொல்லுங்க, குறைஞ்சா போச்சு?

சத்துவாச்சாரி_ரவி | செவ்வாய், இரவு 10.50

எல்லாம் சரிப்பா. கல்லு தானா ஒடஞ்சிருக்காதுன்னு இன்னா கேரண்டி? மலைல இருந்து உருண்டா கல்லு ஒடையாதா?

வாலாஜா_கற்கோடரி | செவ்வாய், இரவு 11.14

நல்ல கேள்வி ரவி, கிண்டல் இல்லை, நிஜமா. கல்லு தானா உடைஞ்சா ஒண்ணு ரெண்டு சில்லு எங்கயாவது பேரும். கைக்கோடரியில சில்லு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, ஓரம் முழுக்க, ஒரே மாதிரி பேர்ந்திருக்கும். கண்ணீர்த்துளி வடிவம். ஒரு தடவை அசல் ஒண்ணைக் கையில வாங்கிப் பார்த்திருக்கேன். தடிச்ச பக்கம் உள்ளங்கையில போய் உக்காந்துச்சு, கட்டைவிரலுக்குன்னு ஒரு பள்ளம். இடது கைக்கு மாத்தினேன், உக்காரலை. அதுக்கு மேல எனக்கு ஆதாரம் தேவைப்படலை, உங்களுக்குத் தேவைப்படும்னு புரியுது.

அந்தக் கல்லு குவார்ட்சைட். அந்தப் பக்கம் அல்லிக்குழி மலையில கூழாங்கல்லா கொட்டிக் கிடக்கு, தட்டினா கத்தி மாதிரி பேரும். நம்ம வேலூர் நைஸ் பாறையைத் தட்டிப் பாருங்க, ரவை ரவையா உதிரும். ஆயுதம் செய்யறவன் கல்லு இருக்கிற இடத்துலதானே குடியிருப்பான்.

ஜவ்வாது_சாமை | புதன், காலை 6.20

மலையில டவர் கிடைக்கிறது இந்த நேரத்துலதான், அதனால காலையிலயே.

எங்க மலையில கல்வீடு இருக்கு. நாலு பக்கம் பலகைக்கல்லு, மேல ஒரு மூடுகல்லு, ஒரு பலகையில மட்டும் வட்டமா ஓட்டை. வாலியர் வீடுன்னு சொல்லுவோம். எங்க ஆயா சொல்ற கதைப்படி வாலியர்னா முழங்கால் உயரத்து ஆளுங்க, பின்னால சின்ன வால் இருக்கும். உக்கார்றதுக்கு முன்னாடி வாலை வைக்கத் தரையில ஒரு குழி பறிப்பாங்களாம். மழை பெய்ஞ்சு எல்லாரும் செத்துட்டாங்களாம். ஓட்டையைக் காட்டி "இதுல நுழையறவன் எவ்ளோ உசரம் இருப்பான்"னு ஆயா கேட்கும். சின்ன வயசுல நானே தலையை விட்டுப் பார்த்து மாட்டிக்கிட்டேன், காது உரிஞ்சு போச்சு.

இந்தோனேசியாவுல குள்ள மனுஷன் எலும்பு கிடைச்சதுன்னு படிச்சதுல இருந்து ஒரே நினைப்பு. எங்க வாலியரும் அப்படி ஏதாவது இருக்குமா? சிரிக்காதீங்க.

பாறையடி | புதன், காலை 9.05

சிரிக்கலைம்மா. அந்தக் கல்வீட்டுக்குள்ள நானும் குனிஞ்சு பார்த்திருக்கேன், கேள்வி தானா வரும்.

நீ சொல்றது ஃப்ளோரஸ் தீவு. 2003ல லியாங் புவா குகையில கிடைச்சது, வளர்ந்த பொம்பளை, உயரம் 106 சென்டிமீட்டர் அளவு, மூளை சிம்பன்சி மூளை அளவு. எலும்பு ஈரக் காகிதம் மாதிரி இருந்ததாம், தொட்டா கரையும், காய விட்டு பசை பூசி எடுத்தாங்க. அந்த எலும்புகளுக்கு வயசு 1 லட்சத்துல இருந்து 60 ஆயிரம் வருஷம். தீவுல மாட்டிக்கிட்டுத் தலைமுறை தலைமுறையா உருவம் குறைஞ்சிருக்கும்னு ஒரு கருத்து. அங்கேயும் குள்ளர் கதை கிராமத்துல உண்டு.

ஆனா உங்க கல்வீடு அவ்வளவு பழசு இல்லை. இரும்புக் காலத்து நினைவிடம், ரெண்டாயிரத்துச் சொச்சத்துல இருந்து மூவாயிரம் வருஷம் வரைக்கும் சொல்லலாம். வீடே இல்லை, செத்தவங்களுக்குக் கட்டினது. ஓட்டை ஆள் நுழைய இல்லை. கட்டினவங்க உன்னையும் என்னையும் மாதிரி முழு உயரம்தான், இல்லைன்னா அந்த மூடுகல்லைத் தூக்கி வச்சிருக்க முடியுமா? கட்டினவங்க யாருன்னு மறந்து போனப்புறம் வந்தவங்க ஓட்டையைப் பார்த்து ஆளைக் கணக்குப் போட்டிருக்காங்க.

ஜவ்வாது_சாமை | புதன், காலை 9.12

அப்ப டாக்டர் சார் சொன்ன பல்செட்டு கதைதான். துண்டைப் பார்த்து முழுசை ஒட்டினது.

ஆயாகிட்ட இதைச் சொல்ல மாட்டேன்.

காட்பாடி_பல்வைத்தியர் | புதன், காலை 9.40

😄 சொல்லாதீங்க. லூயிஸுக்குத் தாடை, உங்க ஆயாவுக்கு ஓட்டை.

ஏலகிரி_எட்வின் | புதன், மதியம் 12.30

எங்க ஊர்லயும் ஒண்ணு. பிள்ளையார் பக்கத்துல வேப்ப மரத்தடியில வழவழன்னு கல்லு வரிசையா வச்சு மஞ்சள் குங்குமம் பூசியிருப்பாங்க. இடி விழுந்த இடத்துல கிடைச்ச கல்லுன்னு சொல்லுவாங்க. அதுவும் 15 லட்சமா?

வாலாஜா_கற்கோடரி | புதன், மதியம் 1.10

இல்லை எட்வின். அது புதிய கற்காலம், சில ஆயிரம் வருஷம். அடையாளம் சுலபம்: பழைய கற்காலத்துல தட்டித்தான் செய்வாங்க, புதிய கற்காலத்துல தேய்ப்பாங்க. உங்க கல்லு வழவழன்னு இருக்கு, விளிம்பு நகம் மாதிரி வளைஞ்சிருக்கும். அவங்க ஆதிமனுஷங்க இல்லை, விவசாயிங்க. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில 1960கள்ல தொல்லியல் துறை தோண்டினப்ப கருகின கொள்ளும் பச்சைப்பயறும் கிடைச்சது. கொள்ளு ரசம் வச்சவன் நமக்கு ரொம்ப நெருங்கின சொந்தம்ங்க.

கல்லை எடுக்காதீங்க, படம் மட்டும் எடுங்க. சாமியா கும்பிடறதாலதான் இத்தனை நாள் அங்க இருக்கு.

குடியாத்தம்_தறி | புதன், இரவு 10.15

இப்பதான் முழுசா படிச்சு முடிச்சேன். தறியை நிறுத்திட்டு வந்து உக்காந்தவன், சாப்பாடு ஆறிப்போச்சு.

ஒரு சந்தேகம் மட்டும். அப்ப இந்தியாவுல மனுஷ மூதாதை எலும்பே கிடையாதா? பொண்ணு கேட்கச் சொன்னா.

வாலாஜா_கற்கோடரி | புதன், இரவு 10.28

உண்டு. மத்தியப் பிரதேசம், நர்மதை ஆத்தங்கரை, ஹத்னோரா. 1982 டிசம்பர் 5ம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த அருண் சோனாகியா எடுத்த மண்டையோட்டுத் துண்டு. முகம் இல்லை, தாடை இல்லை, மேல் ஓடு, அதுவும் பெரும்பாலும் வலது பாதி. முதல்ல ஹோமோ எரெக்டஸ்னாங்க, அப்புறம் பழைய வகை மனுஷன்னாங்க, இன்னும் முடியலை. பில்பீம் ராமாபிதிகஸைக் கைவிட்ட அதே வருஷம்தான் நர்மதையில இது வெளிய வந்தது, பாருங்க. பாப்பாவுக்கு இதுல இருந்து கேள்வி வராது, ஆனா தெரிஞ்சு வச்சிக்கட்டும்.

சத்துவாச்சாரி_ரவி | புதன், இரவு 10.41

இதுவும் வலது பாதியா! இடது பாதிய எல்லாம் எவன்டா எடுத்துகினு போறான்?

குடியாத்தம்_தறி | திங்கள், இரவு 9.20

ஒரு சேதி. நேத்து மாதிரித் தேர்வுல அதே கேள்வி வந்துச்சாம். ராமாபிதிகஸ்னே குறிச்சுட்டு நாலு மார்க் வாங்கிட்டு வந்துட்டா. "ஏன்டி, தெரிஞ்சே தப்பா போட்டியா"ன்னேன். "அப்பா, கேள்வித்தாள்ல 'புத்தகப்படி'ன்னு எழுதாம விட்டுட்டாங்க, அதை நான் மனசுல சேர்த்துக்கிட்டேன்"னா. ரவி தம்பி சொன்ன வழிதான் கடைசியில.

வர்ற ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு. பூண்டியில அந்தக் கைக்கோடரியெல்லாம் வச்சிருக்கிற மியூசியம் இருக்காமே, கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். அரக்கோணம் வழியா போனா கிட்டவா, சோளிங்கர் வழியாவா? வண்டியில ரெண்டு சீட் காலி.

சத்துவாச்சாரி_ரவி | திங்கள், இரவு 9.26

நான் வரேன் அண்ணே. புளிசாதம் நம்ம வூட்ல இருந்து. அந்தக் கல்ல கைல குடுப்பாங்களா? எனக்கு இடது கை பழக்கம், உக்காருதான்னு பாக்கணும்.

வாலாஜா_கற்கோடரி | திங்கள், இரவு 9.33

கண்ணாடிக்குள்ள இருக்கும் ரவி, கையில தர மாட்டாங்க. அரக்கோணம், திருவள்ளூர் வழியே போங்க, ரோடு நல்லா இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை திறந்திருக்கான்னு மட்டும் விசாரிச்சிடுங்க. வாலாஜா டோல்கேட்டுல நிக்கிறேன், மீதி ஒரு சீட் எனக்கு.